யூ எழுத்து வரும்வரை

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி வாரும் ஆலைப் பக்கம் எனாக் சக்டெனைத் தெரியாத ஆள் கிடையாது. எட்டு வயதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனால் சொல் என்று வந்துவிட்டால் பாதிரியாரையே மடக்குவான்.

ஒரு சனிக்கிழமை வாசகசாலையில் பெல்வுட் வாத்தியார் பேசினார். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு முன்னால் 'அன்' என்று ஒட்டினால் 'இல்லை' என்று ஆகும். சில சொற்களில் அந்த 'இல்லை' மட்டும் பிழைத்துக்கொண்டது, ஒட்டிக்கொண்ட உடம்பு செத்துவிட்டது. பரட்டைத்தலையனை 'அன்கெம்ப்ட்' என்கிறோமே, அது அப்படித்தான். 'கெம்ப்ட்' என்றால் வாரியது.

"வாரினது செத்துப்போச்சு, வாராதது உயிரோட இருக்கு. எல்லாம் சீமாட்டிங்க தலைமுடியைப் பத்தின பேச்சு" என்றார்.

எனாக் எழுந்தான். "முடிக்கு மட்டும்னு யாரு சொன்னா வாத்தியாரே? எங்க தொழில்ல கம்பளிக்கும் அதே சொல்லுதான்."

"வாய்ப்பேச்சு செல்லாதுப்பா. இங்கிலீஷ் சொல் எல்லாத்துக்கும் பெரிய அகராதி எழுதுறாங்களே, அவங்க அச்சுல இருந்தாத்தான் ஏத்துக்குவாங்க."

அச்சு இருந்தது. கம்பளி வாருவோர் சங்கம் கூடும் பீர்க்கடைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், நூறு வருடப் பழைய விதித்தாள். ஏழாவது விதி, வாராத கம்பளியைக் கூட்டத்துக்குள் கொண்டுவருபவனைப் பற்றியது. அதில் அந்தச் சொல் அப்படியே இருந்தது.

அகராதி அலுவலகம் வாசகர்களுக்கு அனுப்பிய குறிப்பில், சொல் வரும் வரியைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பு, இரண்டு பிரதி இருந்தால் வெட்டி ஒட்டினாலும் சரி என்று இருந்தது. எனாக் மூன்று தடவை எழுதிப் பார்த்தான். கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது. படிக்காதவன் கிறுக்கல் என்று தள்ளிவிட்டால்? இருந்தது ஒரே பிரதி. ஆள் இல்லாத மத்தியானம் போய், சட்டத்தைக் கழற்றி, ஏழாவது விதியைச் சவரக்கத்தியால் அறுத்து அனுப்பிவிட்டான்.

சங்கம் கொதித்தது.

"அட கூறுகெட்டவனே, விதியையா அறுப்ப?" என்றான் செயலாளர் ஜோனாஸ் கிளஃப். "நாளைக்கு ஒருத்தன் அழுக்குக் கம்பளியோட வந்தா ஓட்டையைக் காட்டியா வெளிய அனுப்புறது?"

"அச்சாகி வரும்டா. புஸ்தகத்துலயே வரும்."

"அப்ப வரட்டும். அதுவரைக்கும் உனக்கு நாற்காலி இல்ல. கதவோரம் நில்லு."

எனாக் நின்றான். அப்புறம்தான் தெரிந்தது, அந்த அகராதி ஏ-யில் தொடங்கி எழுத்து எழுத்தாக வருகிறது என்று. 'அன்' என்று ஒலித்தாலும் இவன் சொல்லின் முதல் எழுத்து யூ, கிட்டத்தட்டக் கடைசி.

மாதம் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவன் கேட்பான்: "எனாக்கு, எந்த எழுத்துல நிக்குறாங்க?"

"'எம்' எழுத்து ஆரம்பிச்சிருக்காங்க."

"உனக்கு முட்டி தேயறதுக்குள்ள யூ வந்துருமா?"

"என் முட்டியை விடு. உன் பல்லுதான் கொட்டிப்போச்சு."

முப்பது வருடம் ஓடியது. உட்காரச் சொல்லி ஜோனாஸே இரண்டு தடவை கெஞ்சிப் பார்த்தான். "வரி வரட்டும்" என்பான் எனாக். ஒரு நாளும் சுவரில் சாய்ந்ததில்லை.

யூ எழுத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்தவர் பெல்வுட் வாத்தியாரேதான், கோலூன்றிக்கொண்டு. 'அன்கெம்ப்ட்' என்ற சொல்லின் கீழே, கவிஞர்கள், பிரபுக்கள் வரிகளுக்கு நடுவில், பிராட்ஃபோர்ட் சங்க விதி ஏழு.

"சீமாட்டிங்க தலைமுடிக்கு மட்டும்னு அன்னைக்குச் சொன்னேன். தப்புதான் சக்டென்" என்றார். "வெட்டிக்கோ. புஸ்தகம் என்னோடதுதான்."

எனாக் அதே சவரக்கத்தியை எடுத்தான். வரியை வெட்டி, சுவர்ச்சட்டத்தின் ஓட்டையில் மாவுப்பசை தடவி ஒட்டினான். அகராதி எழுத்து பொடி எழுத்து, ஓட்டையை முழுதாக அடைக்கவில்லை. இருந்தாலும் விதி விதிதான்.

ஜோனாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை உரக்க வாசித்தான். பிறகு தன் நாற்காலியையே கொண்டுவந்து கதவோரம் போட்டான்.

எனாக் அதைத் தூக்கிக்கொண்டு நடுவில் போய் உட்கார்ந்தான்.