மூன்று காப்பும் ஒரு தொண்டையும்

நான் ஒரு காலத்தில் ராக் பாடகனாக இருந்தேன். இதை இப்போது வீட்டில் சொன்னால் யாரும் சிரிப்பதுகூட இல்லை. என் தொப்பையைப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். 'ராக்' என்ற சொல் எனக்கே பின்னால்தான் தெரியும். அறுபதுகளில் திருப்பத்தூரில் நாங்கள் செய்ததை மரியாதை தெரிந்தவர்கள் 'இங்கிலீஷ் பாட்டு' என்றார்கள். மற்றவர்கள் 'கத்தல்' என்றார்கள். மற்றவர்கள்தான் அதிகம்.

நாங்கள் மூன்று பேர். கிட்டார் வாசித்தவன் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலேறும்போது தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போன கிட்டார் அது. டிரம் அடித்தவன் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன். அதற்கு முன் கல்யாண ஊர்வல பேண்டில் இருந்தவன். எந்த நாட்டுப் பாட்டைக் கொடுத்தாலும் மாப்பிள்ளை குதிரையில் வருகிற நடை அவன் கையில் வந்துவிடும். குரல் நான்.

இசைத்தட்டில் கேட்ட சத்தங்களை அப்படியே மனப்பாடம் செய்து பாடுவேன். ஆங்கில நாவல்கள் நிறையப் படித்தவன்தான். ஆனால் நான் படித்த ஆங்கிலத்தில் ஆட்கள் வாக்கியத்தை முடிப்பார்கள். இந்தப் பாடகர்கள் முடிப்பதில்லை. ஆகவே எனக்கும் பொருள் தெரியாது, கேட்பவர்களுக்கும் தெரியாது. அந்த வகையில் சபையோடு எனக்கு நல்ல ஒற்றுமை இருந்தது.

இதை வைத்துக்கொண்டு, தனியாகப் பாடிப் பேர் வாங்கவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை வேறு. நோட்டீசில் என் பெயரைத் தனி வரியில் போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

"உன் பேரை மட்டும் போட்டா எவன் வருவான் பா?" என்பான் கிட்டார்க்காரன். "கிட்டாருன்னு போட்டா, அது இன்னாடா சாமானுன்னு பாக்கவாவது நாலு பேரு வருவான்."

புளி மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது, புளி போட வந்த ஒரு மலைக்காரர் கடைசி வரை நின்று கேட்டார். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூருக்குக் கவுண்டர் அவர். அங்கே ஊர்த் தலைவரை அப்படித்தான் சொல்வார்கள். பாட்டு முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"எங்க அம்மன் திருவிழாவுக்கு வர்றீங்களா?"

"இங்கிலீஷ் பாட்டு அம்மனுக்குப் பிடிக்குமாங்க?"

"பாட்டு கெடக்குது. மூணு வருசமா மழை சரியில்ல. எவ்ளோ கூப்ட்டும் அவ காதுல வுழல. உங்க சத்தம் வுழும்."

என் குரலைப் பற்றி எழுதப்பட்ட, பேசப்பட்ட எல்லா விமர்சனங்களிலும் இதுதான் மிக நல்லது.

ஆனி மாதம் ஜீப்பில் ஏறினோம். ஒலிபெருக்கியும் அதற்கு ஒரு லாரி பேட்டரியும் எங்கள் மடியில். மேலே போய் இறங்கிய இடத்திலெல்லாம் பலாப்பழம் அறுத்து வைத்தார்கள். கிட்டார்க்காரன் விட்டேனா பார் என்று தின்றான்.

அம்மனுக்கு ஊழியம் செய்கிற எல்லாருக்கும் காப்பு கட்டுவது அந்த ஊர் வழக்கம். பூசாரி, மேளக்காரர்கள், இந்தத் தடவை நாங்கள். மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் துண்டு. கட்டிய பிறகு, திருவிழா முடிந்து அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. எல்லை என்பது ஊருக்குக் கீழே ஓடும் ஓடை.

"தாண்டினா இன்னா ஆவும்?" என்றான் டிரம்.

"தாண்டுனதில்ல" என்றார் கவுண்டர்.

பூசாரி கிட்டார்க்காரன் முன்னால் வந்து தயங்கினார். "தம்பி, உங்க வூட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"எங்க வூட்ல கிட்டாருக்கே இன்னும் திட்டி முடிக்கல, பெரியவரே. இது அப்புறமாத்தான் வரும். கட்டுங்க" என்று கையை நீட்டினான்.

முதல் நாள் கச்சேரியில் நாய்கள் காட்டுப் பக்கம் போய்விட்டன. மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னும் கொஞ்சம் கத்தலாம்" என்று கவுண்டர் ஆள் விட்டுச் சொன்னார்.

அன்று பொழுது சாயும்போது கிட்டார்க்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பலாப்பழம் என்று எல்லாரும் சொன்னோம். அவனே சொன்னான். அந்த மலையில் பலா காலத்தில் வயிற்றுவலி வராத வீடு கிடையாது. அதற்கு என்ன செய்வது என்பதும் எல்லா வீட்டுக்கும் தெரியும். சுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். பின்னால் ஒரு டாக்டரிடம் இந்த வரிசையைச் சொன்னேன். குடல்வால் வீங்கியவனுக்கு இதைவிடக் கெடுதலாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். ஆனால் என்னைக் கேட்டிருந்தால் நானும் இதையேதான் செய்திருப்பேன். எங்கள் வீட்டிலும் அதுதான் மருந்து. மறுநாள் முழுக்கப் பலாப்பழத்தைத் திட்டினோம். டிரம்காரன் பலாப்பழம் மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டினான். கிட்டார்க்காரன் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முனகினான்.

அதற்கு அடுத்த நாள் காலை அவனால் காலை நீட்ட முடியவில்லை. உடம்பு கொதித்தது. வயிறு பலகை மாதிரி இருந்தது. ஜீப் எங்களை இறக்கிவிட்ட அன்றே கீழே போயிருந்தது. இனி சந்தை நாளன்றுதான் திரும்ப வரும். அடிவாரம் வரை ஒற்றையடிப் பாதையில் தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்து லாரியோ வண்டியோ பிடித்துத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போவது ஒன்றுதான் வழி. கம்பளியின் இரு முனைகளையும் மூங்கிலில் கட்டித் தூளி செய்துவிட்டார்கள். தூக்குவதற்கு இளவட்டங்கள் தயார். ஆனால் அவன் கையில் காப்பு இருந்தது.

கவுண்டர் பூசாரியோடு தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"காப்ப அறுக்கக் கூடாது. இன்னொரு கைக்கு மாத்தலாம். இந்தத் தம்பி ஊழியத்த இன்னொருத்தரு ஏத்துக்கணும். யாரு?"

"நான் கூடப் போறேன்" என்றான் டிரம். அவன் முகத்தைப் பார்த்தால் அவனை நிறுத்திவைக்க முடியாது என்று தெரிந்தது. மாமன் மச்சான் இல்லாமல் தனியாளாக வளர்ந்தவன்; அவனுக்கு இருந்த உறவு நாங்கள்தான்.

"அப்ப ரெண்டு பேருதும் இவருக்கு" என்று கவுண்டர் என்னைக் காட்டினார்.

நானும் வருகிறேன் என்றேன். எனக்காக நூல் கட்டிக்கொள்ள வேறு யாராவது கிடைக்கமாட்டார்களா என்றும் கேட்டேன். "கட்டிக்கலாம்" என்றார் கவுண்டர். "ஆனா உங்க பாட்ட யாரு பாடறது?" என் தொழில் வாழ்க்கையில் என் இடத்தை நிரப்ப ஆளில்லை என்று ஒருவர் சொன்னது அந்த ஒரு முறைதான்.

கம்பளிக்குள்ளிருந்து கிட்டார்க்காரன் பேசினான். "நீ இரு பா. ஒரு ஊசி போட்டுக்கினு வந்துடறேன். தனியா பாடணும்னு தானே கெடந்து அடிச்சிக்கின. பாடு. ஜமாய்."

அவன் மணிக்கட்டிலிருந்து நூலை உருவி என் மணிக்கட்டில் போட்டார்கள். டிரம்காரனுடையதையும். தூளியைத் தூக்கினார்கள். கவுண்டர் அவர்களோடு ஓடை வரை போனார். நானும் போனேன். அங்கே அவர் தூக்குகிறவர்களிடம் சொன்னதை நானும் கேட்டேன்: "ஆஸ்பத்திரில சேத்துட்டா நேரா வூட்டுக்கு வாங்க. வேற மாதிரி ஆச்சின்னா ஓடைக்கு அந்தாண்டயே நில்லுங்கடா. காப்பு அவுக்கற வரிக்கும் ஊருக்குள்ள வராதீங்க." சாவைத் தொட்டவன் உள்ளே வந்தால் திருவிழா நின்றுவிடும். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. மறைக்க வேண்டிய விஷயமாக அவருக்கு அது தோன்றவில்லை.

அன்று மாலை நான் தனிப் பாடகன் ஆனேன்.

கிட்டார் ஓரமாகச் சாய்ந்திருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. டிரம் இல்லாமல் வேகம் பிடிபடவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் நடுவில் கிட்டார் மட்டும் தனியாக வருகிற இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வந்ததும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தாண்டிப் போகவும் வரவில்லை; பாட்டு அப்படித்தான் மனப்பாடமாகியிருந்தது. ஆகவே அவன் வாசிக்கிற நேரம் அளவுக்குச் சும்மா நின்றேன். பிறகு பாடினேன். மலைக்காரர்கள் பாட்டே அப்படித்தான் போலிருக்கிறது என்று காத்திருந்தார்கள்.

மறுநாள் முற்பகலில் பாடிக்கொண்டிருந்தேன். பேட்டரி இறங்கிக்கொண்டு வந்தது. ஒலிபெருக்கி என் குரலை எங்கோ குடத்துக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தது. கோயில் மேட்டிலிருந்து பார்த்தால் ஓடை தெரியும். தூளி தூக்கிப் போனவர்கள் அங்கே வந்திருந்தார்கள்.

நின்றார்கள். பிறகு ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

நான் நிறுத்திவிட்டேன். கூட்டம் என்னைப் பார்த்தது. கவுண்டர் ஓடைப் பக்கம் திரும்பவில்லை. அவர் எனக்கு முன்பே பார்த்துவிட்டார் என்பது அதிலேயே தெரிந்தது.

"பாடுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பாடுங்க தம்பி" என்றார்.

கேட்டிருக்கலாம். கேட்டால் யாராவது பதில் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் அது ஊருக்குள் வந்துவிடும். அந்த நூல் மூன்றும் என் கையில் இருந்தன. பாடினேன். பொருள் தெரியாத சொற்களாக இருந்தது எவ்வளவு வசதி என்று அன்றுதான் தெரிந்தது. பெண்கள் களியும் குழம்பும் எடுத்துப் போய் ஓடைக்கு இந்தக் கரையில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். எனக்குச் சோறு போட்ட அம்மா என் முகத்தைப் பார்க்காமல் போட்டாள். ஊர் முழுக்க அந்த ஒரு சேதி தெரிந்திருந்தது. ஊர் முழுக்க மழையைப் பற்றியே பேசியது.

அடுத்த நாள் காலையில் காப்பு அவிழ்த்தார்கள். பூசாரி என் கையிலிருந்து மூன்றாவது நூலை எடுக்கும் வரை கவுண்டர் பக்கத்தில் காத்திருந்தார்.

"தம்பி போய்ட்டாரு" என்றார். "அடிவாரம் எட்டறதுக்கு முன்னாடியே. அப்படியே வாணியம்பாடிக்குக் கொண்டு போய் ஒப்படைச்சிட்டுத்தான் பசங்க வந்தாங்க."

அப்படியானால் நான் முதல் தடவை தனியாக மேடை ஏறியபோதே அவன் இல்லை.

கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வாணியம்பாடிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர்கள் வழக்கப்படி, அவனைக் கொண்டுவந்த அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள். அவன் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டிரம்காரன் ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருந்தான்.

"நீ ஏன் கூட வரல?"

காப்பைப் பற்றிச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"மூணு பேருக்கும் சேத்து நீ பாடினியா?"

"ஆமாங்க."

"நல்லா பாடினியா?"

"சுமாராத்தாங்க."

தலையசைத்தார். கிட்டாரை வாங்கிக்கொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

டிரம்காரன் அதற்குப் பிறகு எதையும் அடிக்கவில்லை. நான் திருப்பத்தூரில் இரண்டு மூன்று கல்யாணங்களில் தனியாகப் பாடிப் பார்த்தேன். கிட்டார் வருகிற இடத்தில் என்னையறியாமல் நின்றுவிடுவேன். "இன்னா, மறந்துட்டியா?" என்று பந்தியிலிருந்து கத்துவார்கள். விசிலடிப்பார்கள். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கவுண்டர் மறுபடி புளியோடு வந்தார்.

"இந்த வருசமும் வந்துடுங்க. ஒத்தையாவே வாங்க. போன வருசம் நல்லா இருந்துது. நீங்க போனதும் மழ பெஞ்சிது."

போனேன். முதல் பாட்டில் அந்த இடம் வந்தது. நின்றேன். மேளக்காரர்களில் ஒருவருக்கு நான் அப்படி நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கவேண்டும். மெதுவாக அடிக்க ஆரம்பித்தார். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். கூட்டம் எழுந்தது, ஆண்கள் கைகோத்து ஆட ஆரம்பித்தார்கள். எங்கே விட்டேனோ அங்கே பிடித்துப் பாட வாயைத் திறந்து பார்த்தேன். அந்த இடைவெளி அங்கே இல்லை. அவர்கள் அதை நிரப்பிவிட்டார்கள்; அவர்களுக்கு அது யாருடைய இடம் என்று தெரியாது.

மேடையிலிருந்து இறங்கிக் கீழே உட்கார்ந்தேன். வெகு நேரம் கழித்துத்தான் கவுண்டர் கவனித்தார்.

"ஏன் எறங்கிட்டீங்க?"

"அவங்க நல்லா வாசிக்கறாங்க" என்றேன்.

"ஆமா" என்றார், ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.