மீன் வெட்டுகிறவரின் விரல்

புலம்பெயர்ந்த நாங்கள் கூடும் லாச்சப்பல் தெருவில், தமிழ்க்கடை வாசலில் மீன் வெட்டுகிறவரை அண்ணை என்றுதான் தெரியும். மீசையில் பனி படிந்திருக்கும். பனி உருக உப்புத் தூவியும் தெரு உறைந்துகிடந்த அந்தக் குளிரிலும் அவர் கையுறை போடமாட்டார். போட்டால் மீன் வழுக்குமாம்.

ஒருநாள் எனக்குப் பாரை வெட்டும்போது பலகையில் சிவப்பு கூடிக்கொண்டே போனது.

"அண்ணை, விரலை வெட்டிப்போட்டியள்!"

"என்ரையோ? மீனின்ரை இரத்தமெண்டெல்லோ நினைச்சன். நில்லும், வேறை மீன் தாறன்."

"மீன் கிடக்கட்டும். உள்ளுக்கை ஹீற்றரடிக்கு வாங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"சும்மா பதறாதையும் தம்பி. விறைச்ச கை நோகாது. சூடு ஏறேக்கைதான் நோகும்."

துணியைச் சுற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

கடை பூட்டி வீட்டுக்குள் போய் அந்தக் கையில் சூடு ஏறும்போது பக்கத்தில் யாரும் இருந்தார்களோ, இன்றும் எனக்குத் தெரியாது.