மெதுவா ஓடு அக்கா

எட்டு வயதில் நான் உறுதியாக நம்பிய ஒரு விஷயம் உண்டு: ஓட்டப் போட்டியில் ஜெயித்தவர்கள் வீட்டுக்குத் திரும்பி வரமாட்டார்கள்.

சிரிக்காதீர்கள், என்னிடம் ஆதாரம் இருந்தது. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஈட்டி எறிந்தே கொழும்பு வரை போனவர். போனவர் போனவர்தான். அங்கே ஒரு கம்பனி அவரைத் தன் அணியில் சேர்த்து வேலையும் கொடுத்துவிட்டதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. போதாததற்கு மாமா ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே விளக்கம் கொடுத்தார்.

"ஒங்கக்கா வலயத்துல ஜெயிச்சா மாகாணம் கொண்டு போயிரும். மாகாணத்துல ஜெயிச்சா கொழும்பு கொண்டு போயிரும். அங்கயும் ஜெயிச்சா எந்த நாடு கொண்டு போவுதோ!"

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓட்டத்தில் பாடசாலையில் அக்காவை வெல்ல ஆளில்லை.

சுற்றுவட்டாரப் பாடசாலைகளுக்கான வலயப் போட்டி குண்டசாலைப் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்தது. மாமா என்னையும் கூட்டிப்போனார். பெரிய பாடசாலைப் பிள்ளைகள் ஆணிச் சப்பாத்தோடு குதித்துக்கொண்டிருக்க, அக்கா வெறுங்காலோடு நின்றாள். வெடி வெடித்தது. நானும் வெடித்தேன்.

"மெதுவா ஓடு அக்கா! மெதுவா!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. "யாருடா இவன், எதிர்க்கட்சியா?" என்றார் ஒருவர். மாமா என் வாயைப் பொத்தினார். விரல் இடுக்கிலும் கத்தினேன்.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது அக்கா மூன்றாவது. அப்பாடா என்றிருந்தது. பிறகு நடந்ததை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. என் தலையில் குட்டுகிற, முற்றம் பெருக்கச் சொன்னால் சோம்பல் முறிக்கிற அதே பெண், வேறு ஏதோ ஆகிவிட்டாள். கால் மண்ணில் பட்டதா என்பதே சந்தேகம். கோடு போட்ட சுண்ணாம்புத் தூள் மட்டும் அவளுக்குப் பின்னால் எழும்பி எழும்பி அடங்கியது. வளைவில் ஒருத்தியைத் தாண்டினாள். எங்களைக் கடந்தபோது அவள் மூச்சு கேட்டது. பெரிய பாடசாலைக் கூட்டம்கூடக் கைதட்ட மறந்து எழுந்து நின்றது. இவளோடா நான் போர்வைக்குச் சண்டை போட்டேன்? "ஓடு! ஓடு!" என்று யாரோ அலறினார்கள். பார்த்தால், அது நான்தான்.

எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் மற்றவளையும் தாண்டி, முதலாவதாக வந்தாள்.

அப்போதுதான் எனக்கு மாகாணம் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் அவள் பதக்கத்தைக் கழற்றி என் கழுத்தில் போட, அதைப் பிரியாவிடைப் பரிசாக எடுத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"ஓடுனது நானு. மூச்சு வாங்குறது இவனுக்கு" என்றாள்.

மாகாணப் போட்டி நுவரெலியாவில். தங்கி ஓடவேண்டும். பெண் பிள்ளைகள் வெளியூரில் தங்குவதென்றால் ஆசிரியை ஒருவர் கூடப் போகவேண்டும் என்பது விதி. விளையாட்டுக்குப் பொறுப்பான ஆண் ஆசிரியர், எங்கள் சேர், ஒவ்வொரு டீச்சராகக் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்கும் வசதிப்படவில்லை. அக்கா போகமுடியாதென்ற செய்தி வந்த மாலை நான் பிள்ளையார் படத்துக்கு முன்னால் கால் வலிக்கத் தோப்புக்கரணம் போட்டேன், அவ்வளவு நன்றி. அக்கா ஏன் சமையல் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் என்பது எனக்கு விளங்கவில்லை.

போட்டியன்று அக்கா வீட்டில் இருந்தாள். இரண்டாவதாக வந்த பிள்ளை நுவரெலியா போனாள்.