வண்டி சார்ஜ் ஏறும்வரை

ஓரிக்கைப் பக்கம் போய் “பாத்திரக்கடை சம்பூர்ணம் வீடு எது?” என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். “கரண்ட் வண்டி சம்பூர்ணம்” என்றால் கூடவே வந்து காட்டிவிடுவார்கள்.

தாமல் ஏரிக்குக் கீழே ஊரார் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் அவளுடையது. பதினாறு வயதில் காஞ்சிபுரத்துக்கு வந்து, ஒரு பந்தல் கடையில் பாத்திரம் கழுவவும் நாற்காலி ஏற்றி இறக்கவும் சேர்ந்தாள். அங்கே பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்த முனிரத்தினத்தைக் கட்டிக்கொண்டாள். இருபது வருடம் கழித்து இருவரும் சொந்தமாக நூறு நாற்காலியும் நாலு அண்டாவும் வாங்கி, வீட்டு வாசலிலேயே வாடகைக்கு விடத் தொடங்கினார்கள்.

தொழில் நன்றாகத்தான் நடந்தது. வண்டி வாடகைதான் ஆளைச் சாப்பிட்டது. நூறு நாற்காலி வெளியே போனால் எண்ணூறு ரூபாய் வரும்; கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவர வண்டிக்காரர் ஆயிரம் கேட்பார். ஒருநாள் சம்பூர்ணம், “நாம வண்டிக்காரருக்கு ஒழைக்கிறோமா, நமக்கு ஒழைக்கிறோமா?” என்று கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் நாற்பத்து நாலு வயதில் ஓட்டுநர் பள்ளியில் பணம் கட்டினாள். முதல் தடவை எட்டுப் போடும்போது ஒரு கம்பத்தைச் சாய்த்தாள். இரண்டாம் தடவை லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

என்ன வண்டி வாங்குவது என்பதில்தான் வீட்டில் சண்டை. முனிரத்தினத்துக்கு டீசல் வண்டி வேண்டும்.

“டீசல்னா எந்த பங்க்ல வேணும்னாலும் ஊத்திக்கலாம். கரண்ட் வண்டி நடுவழியில நின்னா நீயும் நானுந்தான் தள்ளிக்கினு வரணும். வெலையும் ரெண்டு லட்சம் ஜாஸ்தி.”

“நம்ம வண்டி இன்னா ஊட்டிக்கா போவுது? வாலாஜாபாத்து, தாமலு, உத்திரமேரூரு. எங்க போய்ட்டு வந்தாலும் அறுவது, எழுவது கிலோமீட்டரு. ரெண்டு லட்சத்தை டீசல்ல மிச்சம் புடிச்சிடலாம்யா.”

மகளிர் குழுவும் வங்கியும் கைகொடுக்க, வெள்ளை நிற மின்சார லோடு வண்டி வாசலுக்கு வந்தது. கடைக்கென்று தனி மீட்டர் வாங்கி, சுவரில் கனமான பிளக் வைத்தார்கள். மாலையில் சொருகினால் விடிவதற்குள் நிறைந்துவிடும். முழுதாக நிறைய இருபத்திரண்டு யூனிட், இருநூறு ரூபாய்க்குப் பக்கம். பாரம் இல்லாமல் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும்; அண்டாவும் நாற்காலியும் ஏற்றினால் தொண்ணூறு. இன்ஜின் ஆயில் கிடையாது, புகைச் சோதனை கிடையாது. வருடத்துக்கு ஒரு தடவை இன்சூரன்ஸ், தேய்ந்தால் டயர், அவ்வளவுதான். ஆறாவது மாதம் முனிரத்தினமே டீக்கடையில் நின்று இந்தக் கணக்கைப் பிறருக்கு ஒப்பிக்கத் தொடங்கினான், ஏதோ முதலிலிருந்தே அவன் யோசனை போல.

தை மாதத்தில் திருமுக்கூடலில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா தினகரன், கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். மகள் கீர்த்திக்கு வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டிருந்தார். பாத்திரங்கள் முதல் நாளே போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து திரும்பிய கையோடு சம்பூர்ணம் தாமலுக்கும் ஒரு நடை போய்வந்தாள். பொழுது சாய வண்டியைச் சொருகினால் தெருவில் கரண்ட் இல்லை. விடியற்காலைதான் வந்தது. எழுந்து பார்த்தால் ஐம்பத்தொரு சதவீதம்.

‘பாத்திரம் எடுக்கக் கிளம்புவது பதினோரு மணிக்குத்தானே’ என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே தினகரன் போனில் கூப்பிட்டார்.

“அக்கா, மாப்ள வீட்லருந்து ரெண்டு பஸ் வந்துட்டுதுக்கா! ஒண்ணுன்னு சொல்லிட்டு ரெண்டு! ஒக்கார நாற்காலி இல்ல. ஒன்பது மணிக்கு முகூர்த்தம்.”

“பயப்படாத தம்பி, தோ கெளம்பிட்டேன்.”

அறுபது நாற்காலியையும் இரண்டு ஜமுக்காளத்தையும் ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். வாலாஜாபாத் வரைக்கும் முனிரத்தினம் சாலையைப் பார்க்கவே இல்லை, எண்ணைத்தான் பார்த்தான். “நாப்பத்தொண்ணு... முப்பத்தெட்டு...” பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது, “ஏசி இருந்தா நிறுத்திடு” என்றான். அந்த வண்டியில் ஏசியே கிடையாது. அவள் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு ஆட்டம் ஆடி நேரானது. பந்தலில் போய் நின்றபோது இருபத்து மூன்று.

“திரும்பப் போவ சரியா இருக்கும்” என்றான்.

“வெறும் வண்டி போவும். பந்தி முடிஞ்சி அண்டா எல்லாம் ஏத்திக்கினு எப்படிப் போறது? இங்கயே சொருகிட வேண்டியதுதான்.”

கல்யாண வீட்டில் கனமான பிளக் ஒன்றே ஒன்று. அது சமையல் கொட்டகைப் பக்கம் இருந்தது. அதில் சமையல்காரர் கோதண்டபாணியின் கிரைண்டர் வடை மாவை ஆட்டிக்கொண்டிருந்தது. சம்பூர்ணம் சுருள் வயரோடு வந்து நின்றதும் அவர் கரண்டியைக் குறுக்கே நீட்டினார்.

“யம்மா, வண்டிக்குப் பசின்னா காத்துக்கினு இருக்கச் சொல்லு. நானூறு பேருக்கு வடை போடணும்.”

“எவ்ளோ நேரம் ஆவும்ணா?”

“பருப்பு இன்னும் ரெண்டு ஈடு இருக்குது. வெங்காயம் அரியவே இல்ல. ஆளு ஒருத்தன் வரல.”

சம்பூர்ணம் வயரைக் கீழே வைத்தாள். அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முனிரத்தினம் நாற்காலி போட்டு முடித்துவிட்டு வந்து பருப்பை அள்ளிப் போட்டான். முக்கால் மணியில் மாவு ஆட்டி முடிந்தது. கோதண்டபாணி கிரைண்டர் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கி, வண்டி வயரைச் சொருகினார். “சாப்புடு தாயி” என்று பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். உள்ளே பச்சை விளக்கு எரிந்தது.

இனி நாலு மணி நேரம் வண்டி நகராது.

சம்பூர்ணத்துக்குக் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முப்பது வருடமாக எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். எல்லாவற்றிலும் அவள் கண்டது இரண்டே: மணமேடை கட்டாத பந்தல், எச்சில் இலை கிடக்கும் பந்தல். நடுவில் நடப்பதைப் பார்த்ததில்லை. இறக்கியவுடன் அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுவாள். வாடகை வண்டிக்காரரும் ஒரு நிமிடம் நிற்கமாட்டார்.

பந்தல் ஓரத்தில் ஜமுக்காளத்தைத் தட்டுவதுபோல நின்றுகொண்டிருந்தவளைத் தினகரன் பார்த்துவிட்டார்.

“இன்னாக்கா நின்னுக்கினு இருக்கீங்க? நாற்காலி கொண்டாந்தவங்களுக்கே நாற்காலி இல்லையா? முன்னாடி வாங்க.”

“ஐயோ, வேலைப் பொடவைல இருக்கேன் தம்பி.”

“எம்பொண்ணு பொடவையைத்தான் எல்லாரும் பாக்கப் போறாங்க, வாங்கக்கா!”

கையைப் பிடித்து இழுக்காத குறையாக இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார். முனிரத்தினம் பக்கத்தில் வந்து, துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டு, பெண் வீட்டுப் பெரியவர்போல உட்கார்ந்தான்.

கீர்த்தி மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டில் வந்தாள். நாதசுரம் வேகம் பிடித்ததும் சம்பூர்ணம் எழுந்தே நின்றுவிட்டாள். யார் பெண்ணோ! ஆனாலும் அட்சதை போடும்போது எல்லோரையும்விட ஓங்கி வீசினாள். பாதி, முன் வரிசையில் இருந்த ஒருவரின் வழுக்கைத் தலையில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்து, “எனக்கு ஆயி நாப்பது வருசமாச்சும்மா” என்றார். அந்த வரிசையே குலுங்கிச் சிரித்தது.

பிறகு பந்தி. இலை முன்னால் உட்கார்ந்ததும் கோதண்டபாணியே வடைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, “வெங்காயம் அரிஞ்ச கைக்கு ரெண்டு” என்று வைத்தார். கேட்காமலேயே பாயசமும் இரண்டு தடவை வந்தது. சம்பூர்ணம் சாப்பிட்ட எத்தனையோ கல்யாணச் சாப்பாடுகளில் சூடாகச் சாப்பிட்டது இதுதான் முதல்.

பகல் ஒரு மணிக்கு வண்டியில் எண்பது சதவீதம். அண்டா, நாற்காலி எல்லாம் ஏற்றிக் கட்டியபின் தினகரன் வாடகையோடு, கரண்ட்டுக்கு என்று அவள் நீட்டிய நூறு ரூபாயையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். “மொய்க்கு வெச்சிக்கோ தம்பி” என்று அதை அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டு ஏறினாள்.

பாலத்தில் வண்டி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பழைய வாடகை வண்டிகளில் பேசினால் காது கேட்காது. இருவரும் ஊமையாகத்தான் வருவார்கள். இப்போது முனிரத்தினம் எண்ணைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை கொஞ்சம் குள்ளமோ என்றான். பொண்ணு உசரம்யா, அதான் அப்படித் தெரியுது என்றாள் இவள். நாதசுரக்காரர் கடைசியில் சுருதி விட்டார் என்று அவன் சொல்ல, உனக்கு இன்னா தெரியும் சுருதி என்று இவள் கேட்க, பழையசீவரம் தாண்டியும் பேச்சு ஓயவில்லை.

“அடுத்த வாரம் உத்திரமேரூர் கல்யாணம் எத்தினி மணிக்கு?” என்றான்.

“பத்தரைக்கு. போன் போட்டுக் கேட்டுட்டேன், பெரிய பிளக்கு இருக்குதாம்.”

“அப்ப நானு வெள்ளை வேட்டி எடுத்துக்கறேன்” என்றான் முனிரத்தினம்.