நடுக்கத்தை அருள் என்றார்கள்

முருகனடியார்களுக்கு வணக்கம். தூக்கம் வராதவனின் கஷ்டத்தைத் தூங்குகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் தூங்கிவிடுகிறார்கள். என் மனைவி வசந்தி அப்படித்தான். "மனசை லேசா வச்சுக்குங்க" என்பாள். அடுத்த வாக்கியம் குறட்டையாக வரும்.

நான் சிங்கப்பூரில், பூன் லேயில் குடியிருப்பவன். ஜூரோங்கில் ஒரு கிடங்கில் லாரிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. விடுமுறை நாட்களில் பட்டிமன்றங்களில் பேசி நாலு பேரைச் சிரிக்கவைப்பேன். சிரிக்காத மற்றவர்களைப் பற்றி இங்கே வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஷிப்ட் மாறி மாறி வந்ததில் தூக்கம் தொலைந்தது. ஷிப்ட் சரியான பிறகும் அது திரும்பவில்லை.

கிளினிக் டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். "கொஞ்ச நாளைக்குத்தான். பழகிடக்கூடாது" என்று தெளிவாகவே சொன்னார். அன்று கிணற்றில் போட்ட கல்லைப் போலத் தூங்கினேன். நானும் சில மாதங்கள் கீழ்ப்படிந்தேன். பிறகு ஒன்று போதவில்லை. அவர் மேற்கொண்டு தர மறுத்ததும் வேறொரு கிளினிக்குக்குப் போய் வேறொரு கதை சொன்னேன். மேடையில் எடுபடாத என் கற்பனை டாக்டர் அறைகளில் நன்றாக எடுபட்டது. வசந்தியிடம், "அதையெல்லாம் எப்பவோ நிறுத்திட்டேன்" என்றேன். மாத்திரைகள் என் அலமாரியில் தத்துவ நூல்களுக்குப் பின்னால் இருந்தன. அங்கே வீட்டில் யாரும் கை வைப்பதில்லை, நான் உட்பட.

பகலில் தலைக்குள் பஞ்சு அடைத்ததுபோல இருந்தது. ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு லாரிகளை அனுப்பினேன். ஒரு தடவை குளியலறையில் விழுந்தேன். ஒரு பட்டிமன்றத்தில் துணுக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டே போனவனுக்குக் கடைசி வரி மறந்துவிட்டது. கூட்டம் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து அழுதேன். எதிரே இருந்த சீனப் பாட்டி டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினார்.

தைப்பூசம் நெருங்கியது. பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு ஃபேரர் பார்க்கில் வேலு அண்ணனின் காவடிக் குழுவில் சேர்ந்தேன். அண்ணன் பகலில் ஏர்கான் ரிப்பேர் செய்கிறவர், மாலையில் உறுமி அடிக்கிறவர். விரதம் தொடங்கியது. அசைவத்தை விட்டாயிற்று. பீரை விட்டாயிற்று. தரையில் படுக்கவேண்டும் என்பதால் தலையணையையும் விட்டாயிற்று. மாத்திரை மட்டும் எப்படி? புத்தியை மயக்குகிற எதுவும் விரதத்தில் ஆகாதே! சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் சன்னதிக்கு முன்னால் நின்று, "முருகா, மாத்திரையில்லாமல் என்னைத் தூங்கவை. இனி உன் பொறுப்பு" என்றேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் குப்பைக் குழாயில் போட்டேன். அவை கீழே போய் விழும் சத்தம்கூடப் புண்ணியமாகக் கேட்டது.

டாக்டரிடம் கேட்கவில்லை. பக்திக்கு எதற்கு இரண்டாவது கருத்து? வசந்தியிடமும் சொல்ல வழியில்லை. அவளைப் பொறுத்தவரை நான் ஏற்கெனவே நிறுத்திவிட்டவன். நிறுத்தியதை மறுபடி எப்படி நிறுத்துவது?

அதன் பிறகு வந்தது பழைய தூக்கமின்மை அல்ல. பழையது சாதுவான பசு. இது புலி. வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு கதவைத் தட்டுவதுபோல அடித்தது. தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது. லிஃப்ட் கதவு மூடும் ஓசை பல்லில் வலித்தது. சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டி மூச்சுவிடுவதைப் பார்த்தேன். குழுவில் எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

"முகத்துல என்னா தேஜஸ் பாத்தியா!" என்றார் வேலு அண்ணன். அது வியர்வை.

"கை நடுங்குதே?" என்று கேட்டாள் வசந்தி.

"விரதம்."

"போன தடவை புரட்டாசியிலயும் கோழி இல்லாம இப்படித்தான் நடுங்கினீங்க" என்றாள். என் மரியாதை அந்த அளவில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை. அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், வாய்ட் டெக்கில், பஜனைப் பயிற்சி. மார்சிலிங்கிலிருந்து ராணி அக்கா வந்திருந்தார். குழுவுக்குச் சமைத்துப் போடுகிறவர், எப்போதும் கலகலப்பானவர். அன்று அவர் யாரோடும் பேசவில்லை. பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் உறுமியை எடுத்தார். முதல் இழுப்பிலேயே சத்தம் என் எலும்புக்குள் இறங்கியது. கைகள் உதறின. கால்கள் தரையை அடித்தன. பற்கள் கிட்டிக்கொண்டன.

"வந்துட்டான்! அப்பன் வந்துட்டான்!"

"வெற்றிவேல்!"

"வீரவேல்!"

யாரோ என் கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள். யாரோ சாம்பிராணியை மூக்குக்குக் கீழே பிடித்தார்கள். மேளம் இன்னும் வேகமெடுத்தது. அருள் இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், நம்புகிறேன். அதனால்தான் பயம் உச்சிக்கேறியது. எனக்குள் முருகன் வரவில்லை. மாத்திரைதான் போயிருந்தது. நான் செத்துக்கொண்டிருக்கிறேன், சுற்றி நின்று கும்பிடுகிறார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

வசந்தி கைகூப்பி நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. பேசாமல் ஆடி முடித்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்கமாட்டேன். இந்த வயதில் வேறெங்கே எனக்கு இந்த மரியாதை கிடைக்கும்?

அப்போது ராணி அக்கா முன்னால் வந்து தரையில் விழுந்தார். "முருகா, நான் செய்யப்போறது சரியா தப்பா? ஒரு வார்த்தை சொல்லுப்பா." அவர் அழுதுகொண்டிருந்தார்.

என் தாடை திறக்கவில்லை. கண்முன் வெளிச்சம் துண்டு துண்டாக உடைந்தது. உள்ளுக்குள் கதறினேன்: 'முருகா, நீ வரவில்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பொய் சொல்லியே இங்கு வந்து சேர்ந்தேன். ஒரே ஒரு உண்மையைச் சொல்லவிடு. வாயைத் திறந்துவிடு.'

இவ்வளவுதான் என் ஜெபம். இலக்கணம் இல்லை, பாட்டு இல்லை. வாய் திறந்தது.

"சாமி இல்ல. தூக்க மாத்திரை. யாரையும் கேக்காம சட்டுன்னு நிறுத்திட்டேன். டாக்டரைக் கூப்பிடுங்க."

உறுமி நின்றது. வசந்தியின் கூப்பிய கை கீழே இறங்கியதைப் பார்த்தேன். "எந்த மாத்திரை? நிறுத்தினதா எப்பவோ சொன்னீங்களே!" என்று அவள் கேட்டது கடைசியாகக் காதில் விழுந்தது.

மற்றது அவள் சொல்லித் தெரியும். வலிப்பு வந்து விழுந்தேனாம். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் கொடுக்க ஓடிவந்தார். இன்னொருவர் வாயில் கரண்டி வைக்கப் பார்த்தார். வசந்தி இருவரையும் தள்ளிவிட்டு, நாற்காலிகளை அப்பால் இழுத்துப்போட்டு, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்திருக்கிறாள். வேலு அண்ணன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, "சாமி இல்லீங்க, மாத்திரையாம்" என்றுதான் பேச்சைத் தொடங்கினாராம்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது இளம் டாக்டர் ஒருவர் நின்றார். நம்ம தமிழ்ப் பெண்.

"அங்கிள், யாரு உங்களை ஸ்டாப் பண்ணச் சொன்னது?"

"முருகன்."

"அவர் டாக்டரா?"

"அவங்க அப்பா. வைத்தீஸ்வரன்."

"அப்போ அவங்க அப்பாகிட்டயாவது கேட்டிருக்கலாம்லா?" என்றார். பட்டிமன்றத்தில் இப்படி ஒரு எதிரணி எனக்கு வாய்த்ததில்லை.

பிறகு அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்து விளக்கினார். நீண்ட நாள் சாப்பிட்ட உடம்பு அந்த மருந்தை நம்பி நிற்கும். திடீரென்று உருவினால் மூளை தறிகெட்டு ஓடும். வலிப்பு வரும், உயிரும் போகலாம். "நீங்க வாயைத் திறந்து சொன்னதாலதான் எங்களுக்கு உடனே தெரிஞ்சுது, அங்கிள்" என்றார். வசந்தி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

வைத்தியம் என்ன தெரியுமா? மறுபடி மாத்திரை! அவர்கள் கணக்கில், அவர்கள் கண்காணிப்பில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. எனக்குப் பெருத்த ஏமாற்றம். விரதத்தை முறித்துவிட்டேனே என்று வேலு அண்ணனிடம் புலம்பினேன். "மருந்து சாப்பிட்டா விரதம் கெடாதுடா. பொய் சொன்னாத்தான் கெடும். அது நீ எப்பவோ கெடுத்துட்டே" என்றார். ஆறுதல் சொல்வதில் அவர் அப்படித்தான்.

அந்தத் தைப்பூசத்துக்கு நான் போகவில்லை. மாதங்கள் நகர்ந்தன. ஒவ்வொரு தடவை குறைத்தபோதும் புலி எட்டிப் பார்த்தது. ஒரு முறை தாங்கமுடியாமல், டாக்டர் குறைப்பதை நிறுத்தி அங்கேயே சிறிது காலம் நிற்கச் சொன்னார். அதைத் தோல்வி என்று நினைத்தேன். "படியில நின்னு மூச்சு வாங்குறது தோல்வியா?" என்றாள் வசந்தி. மாத்திரைகள் இப்போது அவள் பொறுப்பில். முருகன் என்றால் ஞான வேல் தருவான் என்று இருந்தேன். அவன் தந்தது மாத்திரையைத் துண்டாக்கும் சின்னப் பிளாஸ்டிக் வெட்டி. அது எங்கள் பூஜை அலமாரியில் வேலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் விபூதி வைக்கிறாள் வசந்தி.

இன்று மாத்திரை இல்லை. தூக்கம் வருகிறது. தினமும் அல்ல. வராத அன்று பழைய பட்டிமன்ற உரைகளை எடுத்துப் படிக்கிறேன், வந்துவிடுகிறது.

இந்த ஆண்டு பால்குடம் எடுத்தேன். கை நடுங்கவில்லை. பால் சிந்தவில்லை. இறக்கிவைத்துவிட்டு நின்றபோது ராணி அக்கா வந்தார்.

"தம்பி, அன்னிக்கு நீங்க சொன்ன வாக்கு பலிச்சிருச்சு."

"அக்கா, அது வாக்கு இல்ல. எனக்கு வலிப்பு."

"நீங்க கேளுங்க முதல்ல. எங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து நானும் தூக்க மாத்திரைதான். யாருக்கும் தெரியாது. அன்னிக்குப் பையில அத்தனையும் வச்சிருந்தேன். பஜனை முடிஞ்சதும் கோயில் உண்டியல்ல போட்டுட்டு அன்னியோட விட்டுடறதுன்னு. சரியா தப்பான்னு கேக்கத்தான் உங்க முன்னால வந்து விழுந்தேன்."

அன்று அவர் மடியில் இறுக்கிப் பிடித்திருந்த பை என் கண்முன் வந்தது.

"மறுநாளே பாலிகிளினிக் போனேன். உங்களை மாதிரியே கொஞ்சம் கொஞ்சமா விட்டேன்" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டுப் போங்க, இன்னிக்குப் பாயசம் நல்லா வந்திருக்கு" என்று பந்தலுக்குள் போய்விட்டார்.

வாழ்நாளெல்லாம் மேடையில் பேசியிருக்கிறேன். என் பேச்சைக் கேட்டு ஒருவர் நடந்துகொண்டது அந்த ஒரு முறைதான், அதுவும் நான் பல் கிட்டிப்போய்ப் பேசியது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது அலமாரிக்குப் பின்னால் எதையாவது ஒளித்து வைத்திருந்தால், குப்பைக் குழாயிலும் போடாதீர்கள், உண்டியலிலும் போடாதீர்கள். டாக்டரிடம் கொண்டுபோய் உண்மையைச் சொல்லுங்கள். வாய் திறக்கவில்லை என்றால் முருகனைக் கூப்பிடுங்கள். திறந்துவிடுவான்.

அன்று வாய்ட் டெக்கில் முருகன் வரவேயில்லை என்று ஒரு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாயசம் குடித்த அன்றிலிருந்து சொல்வதில்லை. இந்த ஒன்றை மட்டும் யாரையும் கேட்காமல் சட்டென்று நிறுத்திவிட்டேன்.