ராஜாத்தி வீட்டுப் பெரணி

ராஜாத்தியைச் சீண்டிவிட்டு நிம்மதியாக இருந்தவர் எங்கள் தேவாரம் ஊரில் ஒருவரும் இல்லை. நான் எதிர்வீட்டு அன்னத்தாய். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். இட்டுக்கட்ட எனக்கு நேரம் கிடையாது.

புருஷன் முத்துப்பாண்டி செத்த பிறகு, ஜீப்பேறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்ப் பிழைத்தாள் அவள். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு இடம். அதில் மல்லிகை. கட்டி விற்றால் ராத்திரி அடுப்பெரியும். அதை ஒட்டித்தான் கொழுந்தன் சுருளிராஜன் மூன்று மாடி எழுப்பினான். எல்லைக்கல் மேலேயே சுவர். இரண்டு முழம் தள்ளிக் கட்டினால் குடியா முழுகிவிடும்? வெயில் விழவில்லை. மல்லிகை மொட்டு வைப்பதை நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பட்டுப்போனது. கேட்கப் போனாள், நானும் கூடப் போனேன்.

“வெயில என்ன உங்க பேருக்குப் பட்டா போட்டுக் குடுத்திருக்காகளா மதினி? இருட்டா இருந்தா காளான் போடுங்க, நல்லா வரும்” என்றான். அவன் பெண்டாட்டி முனீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தெருவில் இறங்கியதும் ராஜாத்தி சொன்னாள்: “அவன் போட்ட நெழல வச்சே அவன எம் வாசல்ல கொண்டாந்து நிறுத்தலைன்னா எம்பேரு ராஜாத்தி இல்லடி.”

ஏலத்தோட்டத்து ஓடைக்கரையில் பெரணி மண்டிக் கிடக்கும். மலையாளத்து ஆட்கள் பன்னல் என்பார்கள். அதைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தாள்.

“ஏன்டி, இது ஆடுகூடத் திங்காத செடியாச்சே” என்றேன்.

“ஆடும் திங்காது, வெயிலும் கேக்காது. எனக்கு வேறென்ன வேணும்?”

முதலில் வாழைக்கன்று மாதிரி ஆழக் குழிதோண்டி, குருத்து மூட நட்டாள். அத்தனையும் அழுகிப்போனது. அசரவில்லை. மட்கிய இலை, மணல், தேங்காய்த் தும்பு எல்லாம் கலந்து, குருத்து மண்ணுக்கு மேலே நிற்கும்படி மறுபடி நட்டாள். கொழுந்தன் வீட்டு ஏசித் தண்ணீர் இவள் பக்கம்தானே சொட்டும்? அதற்கு ஒரு டிரம் வைத்துப் பிடித்து ஊற்றினாள். இரண்டு மழை போவதற்குள் பெரணி முழங்கால் உயரத்துக்கு அடைத்துக்கொண்டது. ஆறு மாசம் கவனிக்காமல் போட்டாலும் சாகாத செடி, அவளை மாதிரியே. தேனியில் கல்யாண மேடை அலங்காரம் செய்யும் கிங்ஸ்லி அதைப் பார்த்துவிட்டு, வெட்டி வைத்தாலும் சீக்கிரம் வாடாத இலை என்று முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வந்து வாங்கினான்.

அப்போதுதான் சுருளிராஜன் மகள் அனுஷ்காவுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. புருஷன் பெண்டாட்டி ஜோடியாக வந்து, வெற்றிலை பாக்குத் தட்டோடு பத்திரிகை வைக்க வேண்டும். இல்லையென்றால் கூப்பிட்டதாகவே சேர்த்தியில்லை. தெரு முழுக்க அப்படித்தான் வைத்தார்கள். ராஜாத்தி வீட்டுக்கு மட்டும் பத்திரிகையை வாசல் கேட் கம்பியில் சொருகிவிட்டுப் போனார்கள், பால் பாக்கெட் போடுகிற மாதிரி.

“அறுத்தவ மேடப்பக்கம் வந்தா நல்லாவா இருக்கும்க்கா?” என்று முனீஸ்வரி என்னிடமே கேட்டாள். அவள் நாக்கில் கொள்ளியை வைக்க!

ராஜாத்தி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கிங்ஸ்லி வந்தான். “பக்கத்து வீட்டுக்குத்தான்க்கா. பொண்ணு போன்ல படம் காட்டிருச்சு, மேட முழுக்க இந்த எலதான் வேணுமாம்.”

“இல்லைன்னு போய்ச் சொல்லு.”

மழையில் மலைப்பாதை சரிந்து, மேலேயிருந்து பெரணி லோடும் வரவில்லை. அனுஷ்கா சோறு தண்ணி இல்லாமல் அழுதிருக்கிறாள். சுருளிராஜன் ரூபாய்க் கட்டோடு ராஜாத்தி வாசலுக்கு வந்தான்.

“காச உள்ள வையி. பெண்டாட்டியக் கூட்டிக்கிட்டுத் தட்டோட வா.”

வந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் முதல் ஆளாக நின்றேன். ராஜாத்தி தட்டை வாங்காமல் முனீஸ்வரியைப் பார்த்தாள்.

“அறுத்தவ வளத்த எல மணமேடைக்கு ஆகுமா?”

“ஆகும்க்கா.”

“வளத்தவ?”

முனீஸ்வரி தெருவை ஒருதரம் பார்த்தாள். “நீங்களும் மேடைக்கு வரணும்க்கா” என்று ஊர் கேட்கச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் ராஜாத்தி தட்டை வாங்கினாள்.

மறுநாள் இலை வெட்ட வந்த கிங்ஸ்லிக்குக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. உள்ளேயிருந்தே சொன்னாள்: “நான் வர்றதுக்குத்தானப்பா தட்டு வாங்குனேன். எல வருதுன்னு யாரு சொன்னா?”

கடைசியில் மேடைக்குப் பிளாஸ்டிக் இலைதான். கிளிப்பச்சைப் பட்டு கட்டி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ராஜாத்தி, தாலி ஏறியதும் மேடையேறினாள். சுருளிராஜன் முகத்தில் ஈயாடவில்லை. குங்குமச் சிமிழைத் தானே எடுத்து அனுஷ்கா நெற்றியில் பொட்டு வைத்தாள். தடுக்க எழுந்த முனீஸ்வரியின் கை பாதியில் இறங்கியது.

காலில் விழுந்து எழுந்த அனுஷ்கா மெதுவாகக் கேட்டாள். “எல தராம ஏமாத்திட்டீகளே பெரியம்மா.”

“ஒம் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுறன்னைக்கு வீடு முழுக்கத் தர்றேன்டி ஆத்தா” என்று அவள் கன்னத்தை வழித்தாள் ராஜாத்தி. “அதுக்கும் உங்கப்பன் ஆத்தா ரெண்டு பேரையும் தட்டோட எம் வாசலுக்கு வரச் சொல்லு.”