பதினோராம் நம்பர் மலைக்கு அனுப்பிய கடிதம்

நான் வசிக்கும் ஜெர்மானிய நகரத்தின் அடுக்ககத்தில் வீடுகளுக்கு எண் கிடையாது. தெருவுக்குப் பெயர், கட்டடத்துக்கு எண், அதன்பின் மனிதரின் பெயர் மட்டும்தான். வாசலில் வரிசையாகத் தொங்கும் தபால் பெட்டிகளில் உங்கள் பெயரை ஒட்டாவிட்டால், அரசாங்கமே எழுதினாலும் கடிதம் திரும்பிப் போய்விடும். வந்த முதல் வாரத்தில் இது எனக்குத் தெரியாது. தபால் கொண்டுவரும் பெண்மணி படியேறி வந்து, "நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்களா?" என்று கேட்டார். இலங்கை மலையகத்து ஹட்டன் வீதிச் சோதனைகளில் பழகிய கை, கேட்ட மாத்திரத்தில் அடையாள அட்டையை எடுத்து நீட்டியது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து, "பெயரை எழுதுங்கள், போதும்" என்றார்.

அந்தப் பெட்டிக்குத்தான் யோகேஸ்வரியின் முதல் கவிதைத் தொகுப்பு வந்து சேர்ந்தது. 'பதினோராம் நம்பர் மலை' என்பது பெயர். யோகேஸ்வரி ஹட்டனில் என்னோடு உயர்தர வகுப்பில் படித்தவர். இன்றும் தான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், எண் போட்டுப் பிரித்த மலைகளுள் நூலின் பெயராகிவிட்ட அதே மலையில் கொழுந்து பறிக்கிறார். நூலின் முற்பாதி மரபுக்கவிதை, பிற்பாதி புதுக்கவிதை. இரண்டும் ஒரே அட்டைக்குள் இருப்பதைச் சிலர் முதல் நூலின் தடுமாற்றம் என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தொலைபேசியில் கேட்டபோது அவர் சிரித்தார்.

"வெண்பா பெரட்டுல நிக்கிற மாதிரி நிக்குது சேகர். ஒரு அடி முன்ன பின்ன வைக்க ஏலாது. அதனால ஆபீஸ், தராசு, டொக்டரய்யா பத்தி எழுதுறப்ப அதுவே வந்துருச்சு. பனி, அம்மா, மழை எல்லாம் எங்க வரிசையில நிக்குது? அதுகள அது போக்குல விட்டுட்டேன்."

காலையில் வேலைக்கு ஆளெண்ணும் அந்தப் பெரட்டு அணிவகுப்பில் இருபது வருடம் நின்ற ஒருவரால் மட்டுமே யாப்பை இப்படி விளக்க முடியும். எல்லாமே தேறிவிட்டன என்று சொல்லமாட்டேன். திருவிழா பற்றிய விருத்தங்களில் ஓசையை நிரப்புவதற்கென்றே சொற்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் பிற்பாதியில் இப்படி ஒரு கவிதை இருக்கிறது:

பனி இறங்கினால்
மலைக்கு நம்பர் இல்லை
லயத்துக்கு நம்பர் இல்லை
அம்மா கூப்பிடுகிறாள்
குரல் வந்த பக்கம்
வீடு

லயம் என்பது ஒட்டிக் கட்டிய அறைகளின் நீண்ட வரிசை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கினால் கவிதை போய்விடும். நான் அதிக நேரம் நின்ற பக்கம் வேறு. முற்பாதியின் கடைசியில் ஒரு குறள் வெண்பா:

தூங்கும் கடிதம் அலுவலக மேசையில்
ஏங்கி முடிந்ததென் நாள்

இது அவருடைய வாழ்க்கை. தோட்டத்து மக்களின் கடிதங்கள் வீட்டுக்கு வருவதில்லை, தோட்ட அலுவலகத்துக்கு வரும். யாராவது ஞாபகம் வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. உயர்தரம் எழுதிய இருவரும் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானோம். அவருடைய கடிதம் அலுவலக மேசையில் கிடந்து, பதிவுக்கான கடைசி நாள் முடிந்த பிறகு கைக்கு வந்தது. அவர் என்னைவிடக் கூடுதலாகப் புள்ளி பெற்றிருந்தார்.

என்னுடையது ஏன் தப்பியது? என் அப்பா விவரமானவர். விண்ணப்பத்தில் தோட்டத்து முகவரியைப் போடாமல், ஹட்டன் பஸாரில் துணிக்கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று அழைத்த முஸ்லிம் அண்ணனின் முகவரியைப் போடச் சொன்னார். அந்தக் கடை முகவரியில் எத்தனையோ தோட்டப் பிள்ளைகள் 'வசித்தார்கள்'. நானா எங்கள் கடிதங்களைத் துணி அளக்கும் கம்பிக்குக் கீழே, இழுப்பறையில் பத்திரப்படுத்துவார். அன்று நான் வந்த பஸ்ஸை மறித்து நின்று கத்தினார்: "தம்பி, கெம்பஸ் லெட்டர் வந்திரிக்கி! நிக்க வேணாம், ஓடுங்க, அப்பாட்ட செல்லுங்க!" நான் ஓடினேன். ஓடிய ஓட்டம் பேராதனைப் பல்கலைக்கழகம் வரை, பிறகு இந்த நகரம் வரை வந்துவிட்டது. திறமை என்று ஊரில் என்னைப் பாராட்டுகிறார்கள். அதற்குக் கீழே ஒரு துணிக்கடையின் முகவரி இருக்கிறது.

இங்குள்ள நகர நூலகத்தில் ஆண்டுதோறும் வெளிநாட்டுக் கவிஞர் ஒருவரை அழைத்து வாசிக்கச் செய்வார்கள். யோகேஸ்வரியின் கவிதைகள் சிலவற்றை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பொறுப்பாளரான அம்மையாருக்குப் பிடித்துவிட்டது. அழைப்பு தயாரானபோது, "கவிஞரின் தெரு?" என்று கேட்டார்.

"தெரு இல்லை. தோட்டம்."

"ஆகா, தோட்ட வீடா!" அவர் முகம் மலர்ந்தது. "அமைதியாக எழுத நல்ல இடம்."

நான் திருத்தவில்லை. அந்த மகிழ்ச்சியைக் கெடுத்தால் அழைப்பு அனுதாபமாக மாறிவிடுமோ என்று யோசித்தேன். விசாவுக்கு, செலவைப் பொறுப்பேற்கும் பத்திரத்தின் மூலப்பிரதி வேண்டும். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். நூலின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருந்த முகவரியை, என் நேர்த்தியான கையெழுத்தில், ஓர் எழுத்தும் பிசகாமல் உறையில் எழுதினேன்.

அனுப்பிவிட்டு யோகேஸ்வரியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

"எந்த அட்ரஸுக்கு?"

"புத்தகத்தில் இருக்கிறதுக்கு."

"ஐயோ சேகர். ஒனக்குமா தெரியாது? நானா கடைக்குப் போட்டிருக்கலாமே."

"பிறகு ஏன் புத்தகத்தில் தோட்டத்து முகவரியைப் போட்டீங்க?"

"காயிதத்துக்குக் கடை அட்ரஸ் போதும். புத்தகத்துல போட மனசு வரல. நான் இருக்கிறது லயத்துலதானே?"

அந்த வெண்பாவை நான்கு முறை படித்து, அடிக்கோடிட்டு, ஜெர்மன் மொழியில் பெயர்த்தவன் நான். ஒவ்வொரு காலையும் என் பெயர் ஒட்டிய பெட்டியைத் திறந்து திறந்து, கடிதம் தானாக ஆளைத் தேடி வரும் என்று என் கை பழகிப்போயிருந்தது.

அவர் தினமும் அலுவலகத்தில் கேட்டார். "கவிதாயினிக்கு ஜெர்மன் காயிதம் வந்தா மேளம் அடிச்சே குடுப்போம், போங்க" என்று அங்கே ஓர் இளம் எழுத்தர் கேலி செய்தாராம். நான்காவது வாரம் தோட்ட அலுவலகத்தை நானே அழைத்தேன். தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் மரியாதையாகத்தான் பேசினார்.

"யோகேஸ்வரின்னு நம்ம தோட்டத்துல அஞ்சு பேரு இருக்காங்க தம்பி. எந்த யோகேஸ்வரி?"

"கவிதை எழுதுகிறவர். கவிஞர் யோகேஸ்வரி."

"அப்பிடி ஒரு வேல நம்ம செக்ரோல்ல இல்லையே தம்பி. நம்பர் சொல்லுங்க, பார்ப்போம்."

செக்ரோல் என்பது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு. அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எனக்கு அவருடைய எண் தெரியாது. அவரைக் கேட்டு வாங்கி மறுபடி அழைத்தபோது, காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பதிவுத் தபாலுக்கான அறிவிப்புத் துண்டு ஒன்று வந்திருந்தது உண்மைதான் என்றார் கிளாக்கர். எந்த யோகேஸ்வரியுடையது என்று தெரியாமல் வைத்திருந்தார்களாம். குரல் தணிந்தது. "கோவிச்சுக்காதீங்க தம்பி." யோகேஸ்வரி அரைநாள் வேலையை விட்டுவிட்டு அந்தத் துண்டோடு தபால் நிலையத்துக்கு நடந்தார். தவணை முடிந்து, கடிதம் முந்தின நாளே திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. இரண்டாவது பத்திரம் எடுக்க இங்கே நாள் கிடைக்கவில்லை. விசா நேர்காணல் தேதி போய்விட்டது.

நூலகத்தில் அவர் இடத்தில் நின்று நான் வாசித்தேன். குறள் வெண்பாவைத் தமிழில் சொன்னபோது அதன் ஓசைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். "கடிதம் தூங்குகிறது, எவ்வளவு அழகான உருவகம்!" என்றார் அம்மையார். உருவகம் இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அடுத்தவரைப் பேச அழைத்துவிட்டார்கள்.

போன வாரம் யோகேஸ்வரியின் குரல் பதிவு வந்தது. பின்னால் மழை பெய்துகொண்டிருந்தது. "சேகர், ரெண்டாம் பதிப்பு போடறாங்களாம். பிரஸ்ல அட்ரஸ் கேக்குறாங்க. நானா கடையப் போடவா, தோட்டத்தப் போடவா? நீ படிச்சவன், சொல்லு."

கடை என்றால் அடுத்த அழைப்பு அவரை வந்தடையும். நூலில் அவர் இருந்த இடம் இல்லாமல் போகும். தோட்டம் என்றால் நூல் உண்மையாக இருக்கும். அவர் மறுபடியும் மலையிலேயே நிற்பார். விளைவுகளை எடைபோடத்தான் எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். ஒரு வாரமாகப் பதில் எழுதி எழுதி அழிக்கிறேன்.

இதற்கிடையே அந்தப் பதிவுத் தபால் திரும்பி வந்துவிட்டது. உறையின் நடுவே அவருடைய பெயரும் தோட்டமும். அதன்மேல் மழைநீர் பட்டுக் கலங்கிய முத்திரை. மூலையிலிருக்கும் என் பெயரை நோக்கி யாரோ சிவப்பு மையில் ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அதை இன்னும் மேலே வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. என் பெயர் ஒட்டிய பெட்டிக்குள், அவர் பெயர் மேலே தெரியும்படி கிடக்கிறது. தபால்காரப் பெண்மணி தினமும் என் கடிதங்களை அதன்மேல் போட்டுவிட்டுப் போகிறார்.